காலருக்கு உள்ளே குத்திய பேட்ஜ்

நான் எட்டாவதுகூடத் தாண்டவில்லை. ஆனாலும் நியூஜெர்சியில் சொந்தமாக லாண்டரி கடை போட்டேன், வீடு வாங்கினேன், மகனை இன்ஜினியராக்கினேன். யாரும் கைகொடுக்கவில்லை.

எண்பதுகளில் ஒரு குளிர்காலம். சனிக்கிழமை மட்டும் வந்து, பேப்பரால் முகத்தை மறைத்து உட்காரும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என் கடை நாற்காலியிலேயே இறந்துபோனார். பெயர் தெரியாமலே புதைத்துவிட்டார்கள். கடையிலேயே தங்கிவிட்ட அவர் கோட்டில், காலருக்கு உள்பக்கம் ஒரு சிவப்பு எனாமல் பேட்ஜ் இருந்தது.

"ஏதோ கிளப் பேட்ஜுப்பா, தூக்கிப் போடுங்க" என்றான் மகன்.

"போடா. மதுரையில கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினவன்டா நான். ஜெயிச்ச கட்சின்னா வெளியே குத்துவான். இது தோத்த கட்சி."

அடுத்த சனிக்கிழமை, துணி துவைக்க வந்த உக்ரைன்கார அம்மாவிடம், அவர் ஊர் எழுத்துபோல் இருக்கிறதே என்று அதைக் காட்டினேன். நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் இங்கே நடத்திய கட்சியாம். அது இரண்டாக உடைந்தபோது அந்த அம்மாவின் அண்ணன் ஒரு பக்கம், கணவர் மறுபக்கம். அன்றே அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிட்டது. பேட்ஜின் பின்னால் கீறியிருந்த பெயரைப் படித்ததும் அவர் பேட்ஜைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"எங்க அண்ணனோடது. எங்கே அவன்?"

நாற்காலியைக் காட்டினேன். "இதுலயே உட்கார்ந்தபடி இறந்துபோனார். சனிக்கிழமை மட்டும்தான் வருவார்."

"நானும் சனிக்கிழமைதானே வர்றேன்" என்று அழுதார்.

இப்போது கல்லறையில் பெயர் இருக்கிறது. அந்த அம்மாவின் சர்ச்சுக்காரர்கள் தாங்கள்தான் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். கண்டுபிடித்தவன் நான். அத்தனை வருஷம் இருவரையும் ஒரே கடையில் உட்காரவைத்து, ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காதவனும் நான்தான். அதையும் சேர்த்தே என் பெயரைப் போடட்டும்.