வைப்பரை நிமிர்த்தி வைத்தவள்

ஒகுசாவா பள்ளத்தாக்கில் பனிக்காலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் முதல் வேலை, முன்கண்ணாடியில் படுத்திருக்கும் இரண்டு வைப்பர்களையும் தூக்கி நிமிர்த்தி வைப்பதுதான். இல்லாவிட்டால் ராத்திரிப் பனியில் அவை கண்ணாடியோடு சேர்ந்து உறைந்துபோகும். இது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நிமிர்த்த மறந்தவரை ஊர் சும்மா விடாது, மூளை மழுங்கிவிட்டது என்று முத்திரை குத்திவிடும்.

அந்த முத்திரை மீன்காரி கிகுனோவின் மேல் விழுந்தது. விழலாமா? புருஷன் செத்த வருஷமே பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கி, ஆண்களே ஓட்டத் தயங்கும் மலைப்பாதையில் உப்பிட்ட சால்மன் மீனும் கணவாயும் ஏற்றிக்கொண்டு போனவள் அவள். "பொம்பளை எத்தனை நாளைக்கு ஓட்டுவா?" என்று சிரித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். மீதிப் பேர் அவளிடம்தான் மீன் வாங்குகிறார்கள்.

அன்று காலை பார்த்தால் வைப்பர் இரண்டும் பனிக்கடியில் படுத்துக் கிடந்தன. "நிமிர்த்தினேனே!" என்று வாய்விட்டே சொன்னாள். கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, அடியில் இன்னும் பனிக்கட்டி பிடித்திருப்பதைக் கவனிக்காமல் அவசரத்தில் சுவிட்சைத் தட்டினாள். உள்ளே 'டக்'கென்று ஏதோ கழன்றது. அப்புறம் முனகல் மட்டும்தான், வைப்பர் அசையவில்லை.

சரிவுக்குக் கீழே இருக்கும் வீட்டிலிருந்து அண்ணன் தொகுஜி வந்தார். எழுபதைத் தாண்டியவர், வாய் மட்டும் இருபது.

"மறந்துட்டே பாத்தியா? நான் சொன்னா எரிச்சலா வருது உனக்கு. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடு கிகுனோ. நம்ம வயசுக்காரங்க எல்லாரும் குடுத்துட்டு நிம்மதியா பஸ்ல போறாங்க."

"நீ குடுத்தியா?"

"எனக்குத்தான் ஞாபகம் நல்லா இருக்கே!"

"நான் நிமிர்த்திட்டுத்தான் உள்ள வந்தேன்."

"அப்ப அது தானா படுத்துக்கிச்சாக்கும்."

கிகுனோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெள்ளிக்கிழமை வண்டிக்கு அரசாங்கப் பரிசோதனை. அதுக்குள்ள வைப்பர் ஓடலைன்னா வண்டியையும் தர்றேன், லைசென்ஸையும் தர்றேன். ஓடிச்சுன்னா இந்தப் பேச்சை உன் வாயால எடுக்கவே கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

சவால் விட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. கையுறை வழியாக வைப்பர் கம்பியின் குளிர் ஏறியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அது நேற்றா, முந்தாநாளா? வண்டி போனால் போகட்டும். புத்தியே போய்விட்டதென்றால்? அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பயந்துகொண்டு உட்கார்ந்தால் வேலை ஆகுமா? காதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, சுவிட்சைப் போட்டுக் கேட்டாள். மோட்டார் முனகியது. அப்படியானால் மின்சாரம் வருகிறது, மோட்டாருக்கும் உயிர் இருக்கிறது. வைப்பர் கம்பியைக் கையால் அசைத்தாள். தொளதொளவென்று ஆடியது. அடி நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆக, மோட்டாருக்கும் வைப்பருக்கும் நடுவில் இருப்பதுதான் கழன்றிருக்க வேண்டும். நட்டைக் கழற்றி, துருப்பிடித்த கம்பிகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினாள். இணைப்புத் தண்டு மோட்டாரின் உருண்டை முனையிலிருந்து கழன்று அனாதையாகக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டாகப் பிளந்திருந்தது.

பட்டறைக்குப் போன் செய்தாள். அந்த மாடலுக்கு இப்போது அந்தச் சாமான் செய்வதே இல்லையாம்.

மத்தியானம் வாசலில் லாரி வந்து நின்றது. பழைய வண்டிகளை உடைக்கும் நெமோத்தோ இறங்கினான். அண்ணன் அதற்குள் சொல்லி அனுப்பியிருக்கிறார்! வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை அந்த மனுஷனுக்கு.

"வேனை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க அக்கா," என்று இழுத்தான் நெமோத்தோ.

"யாரு சொன்னா? இது எங்க அண்ணன் சீதனமா குடுத்த வண்டியா? அது கெடக்கட்டும், உன் கிடங்குல இதே வேன் இன்னொண்ணு இருக்கா?"

"செகப்பு ஒண்ணு பனிக்குள்ள பொதைஞ்சு கெடக்கு."

"வந்ததுதான் வந்தே, என்னையும் ஏத்திக்கிட்டுப் போ."

வேனை ஏற்ற வந்த லாரியில் மீன்காரி ஏறிப் போனதை ஊரே பார்த்தது. மண்வெட்டியால் பனியை அள்ளி, சிவப்பு வேனிலிருந்து இணைப்புத் தண்டை முழுசாகக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். கிரீஸ் தடவிப் பொருத்தினாள். முதல் தடவை ஆத்திரத்தில் கம்பிகளை மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட, வைப்பர் கண்ணாடியை விட்டுவிட்டு வண்டியின் முன்பக்கத் தகட்டை அறைந்தது. "சனியனே!" என்று திட்டிவிட்டு மறுபடி கழற்றினாள். மோட்டாரை ஒரு தரம் ஓடவிட்டு, அது தானாக வந்து நிற்கும் இடத்தில் நின்றபிறகு கம்பிகளைப் படுக்கவைத்து மாட்டினாள். இந்தத் தடவை இரண்டும் ஒழுங்காகக் கண்ணாடியைத் துடைத்தன. அவள் சுவிட்சை அணைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கு முந்தின சாயங்காலம், "நிமிர்த்திட்டேன், நிமிர்த்திட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வைப்பர்களை நிமிர்த்தினாள்.

மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தாள். வைப்பர் இரண்டும் நிமிர்ந்துதான் நின்றன. அப்போது தொகுஜி துடைப்பத்தோடு மேலேறி வந்தார். தங்கையின் வண்டிமேல் கிடந்த பனியைத் தள்ளினார், கண்ணாடியைத் துடைத்தார். இடைஞ்சலாக இருந்த வைப்பர்களை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தார். பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னிக்கும் மறந்துட்டியே! வைப்பர் படுத்துக் கெடக்கு."

கிகுனோ அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. "நீ தொட்டியா அண்ணா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? இப்பத்தானே வர்றேன்." கையில் துடைப்பம் அப்படியே இருந்தது.

ஒரு நிமிஷம் சந்தோஷம் பொங்கியது. அன்றைக்கும் ராத்திரியே வந்து இப்படித்தான் பனியைத் தள்ளிப் படுக்கவைத்திருப்பார், என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது! வீதியில் நின்று கத்தவேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிஷம், அப்படியானால் மறப்பது யார் என்பது உறைத்தது.

"ஆமா, மறந்துட்டேன்," என்றாள். "வா, நீயும் வண்டில ஏறு."

பரிசோதனையில் வண்டி தேறியது. திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்ற யாசுயோ, ஊர்வம்பு ஒன்று விடாதவள், கையைக் காட்டி நிறுத்தினாள். "என்ன அக்கா, இன்னிக்கும் வைப்பரை மறந்துட்டீங்களாமே? காலையில கிளம்பும்போது அண்ணன்தான் போன்ல சொன்னாரு."

"மறந்தேன். அதுக்கென்ன இப்போ? மறந்தவதான் சரி பண்ணி ஓட்டிட்டும் வர்றேன். நீ பஸ்ஸுக்கே நில்லு." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

தொகுஜி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கையை நீட்டினாள். "உன் கார் சாவியைக் குடு."

"எதுக்கு?"

"பந்தயத்துல தோத்தவங்க சாவியைத் தரணும்னு பேசிக்கிட்டோமே."

"அப்படிப் பேசிக்கவே இல்லையே!"

"பேசிக்கிட்டோம். நீ மறந்துட்டே."

அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே எங்க போறதுன்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் கிகுனோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "மீன் நாத்தம் அடிக்குதுன்னு ஒரு வார்த்தை பேசக்கூடாது."