ஹாரன் ஃபியூஸில் தைத்த கல்யாணக் கவுன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமை காலை. எண்ணூரில் ஒரு கல்யாண வீடு. பத்து மணிக்குச் சர்ச்சில் திருமணம். எட்டேகாலுக்கு மணப்பெண்ணுக்குக் கவுனை மாட்டி ஜிப்பை மேலே இழுத்தேன். பாதி வழியில் ஜிப்பின் பல் விட்டுப்போய், பக்கத்துத் தையலும் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துகொண்டது.

அந்தக் கவுனைத் தைத்தவள் நான்தான். திருவொற்றியூரில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். ஜாக்கெட், சுடிதார் என்றால் தூக்கத்தில்கூடத் தைப்பேன். கல்யாணக் கவுன் அதுதான் முதல் தடவை. மணப்பெண்ணின் அம்மா என் பழைய கஸ்டமர். ஊரெல்லாம் கடைக்குப் போகும்போது அவர் என்னை நம்பித் துணியைக் கொடுத்தார். நானோ அவ்வளவு கனமான கவுனுக்குச் சுடிதாருக்குப் போடுகிற மெல்லிய ஜிப்பைப் போட்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

"ஏம்மா, இன்னா வேல பண்ணி வச்சிக்கீற? ஊரே சர்ச்சுக்கு வந்துகினு கீது" என்று அந்த அம்மா சத்தம் போடாமல் மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. மணப்பெண் கண்மை கரையாமல் அழ முயன்றுகொண்டிருந்தாள்.

கையால் தைத்தால் அந்தக் கனத்துக்கு நிற்காது. எதிர் வீட்டில் தையல் மிஷின் இருந்தது, ஆனால் கரண்டில் ஓடுவது. விடியற்காலையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து அந்தப் பகுதிக்கே கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் நிறுத்தியிருந்த எங்கள் வேன் ஞாபகத்துக்கு வந்தது.

என் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நாள்கணக்காகக் காத்துக் கிடந்து, கேபினிலேயே சமைத்து, அங்கேயே தூங்கிப் பழகியவர். லாரியை விட்ட பிறகும் அந்த ஆசை விடவில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், கேஸ் அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக்கிவிட்டார். வேனின் பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்ட் எடுக்க, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு இன்வெர்ட்டர். முந்நூறு வாட்ஸ். ஒரு ஃபேன், இரண்டு லைட், போன் சார்ஜர் ஓடும். "இதில் மிக்ஸி ஓடுமா, கிரைண்டர் ஓடுமா? வெறும் பொம்மை" என்று நான் அவரைச் சீண்டாத நாளே கிடையாது. கல்யாணம் முடிந்ததும் அதில் ஏற்காடு போவதாகத் திட்டம். தைக்கவேண்டிய ஜாக்கெட்டுகள் மீதி இருந்ததால், மிஷின் வந்தால்தான் நானும் வருவேன் என்று அடம்பிடித்து, கரண்டில் ஓடுகிற என் மிஷினையும் அயர்ன் பாக்ஸையும் ஏற்றியிருந்தேன்.

மணப்பெண்ணுக்கு ஒரு நைட்டியைப் போட்டு, கவுனைச் சுருட்டிக்கொண்டு, என் கணவர் காத்திருந்த வேனுக்கு அவளோடு ஓடினேன். மெத்தை உறைக்கென்று வாங்கிய கெட்டி வெள்ளை ஜிப் ஒன்று என் தையல் டப்பாவில் இருந்தது. மடக்கு மேசையில் மிஷினை வைத்தேன். பிறகு செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

தையல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷினில் உட்காரும் முன்பே அயர்ன் பாக்ஸைச் சொருகிவிடுவோம். தைத்து முடிக்கும்போது அது சூடாக இருக்கும், தையலைப் படிய வைக்கலாம். கை தானாகப் போய் அயர்ன் பாக்ஸை இன்வெர்ட்டரில் சொருகியது. இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

"அய்ய, இன்னாமே பண்ணிகினு கீற? அயர்ன் பாக்ஸு ஆயிரம் வாட்ஸுமே" என்று தலையில் கை வைத்தார் அவர். கழற்றிப் பார்த்தால் ஃபியூஸ் கருகியிருந்தது. மாற்று ஃபியூஸ் இல்லை. மணப்பெண் சத்தமாகவே அழ ஆரம்பித்தாள். அவருக்கு மட்டும் பதற்றமே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எதையோ பிடுங்கினார்.

"ஹாரன் ஃபியூஸு. பதினஞ்சு ஆம்ப்ஸ்தான் தாங்கும். உன் மிஷினு பத்து பதினொண்ணு இழுக்கும், போதும். வேற எதனா சொருவுன, அவ்ளோதான்."

அதை இன்வெர்ட்டரில் மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். லைட்டை அணைத்தார், ஃபேனை அணைத்தார், சார்ஜரில் இருந்த தன் போனையும் பிடுங்கிப் போட்டார். நான் கர்த்தர், அல்லா, வடிவுடையம்மன் மூவரையும் கூப்பிட்டுவிட்டு மிஷின் பெடலை மிதித்தேன். ஓடியது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய ஜிப்பைப் பிரித்து, புதியதை வைத்து இரண்டு தையல் ஓட்டினேன். கவுனின் கனம் ஊசியை இழுக்காமலிருக்க, மணப்பெண்ணே கட்டிலில் உட்கார்ந்து மீதித் துணியை மடியில் தாங்கிக்கொண்டாள். வேனுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. வியர்வை துணியில் விழாமல் என் முகத்தை அவளே கைக்குட்டையால் ஒற்றிவிட்டாள். அதற்குள் அவர் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து ஒரு செம்பில் ஊற்றிக் கொடுத்தார். வெளிப்பக்கத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, அதன் அடிப்பாகத்தால் தையலைத் தேய்த்துப் படிய வைத்தேன். அயர்ன் பாக்ஸ் தோற்றது போங்கள்.

ஒன்பதே முக்காலுக்கு மணப்பெண் கவுனோடு நின்றாள். ஜிப் வெண்ணெயாக ஏறியது. அவளுக்கு ஏற்பாடு செய்திருந்த கார் எங்கோ டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. "ஏறு, நம்ம வூட்லயே போலாம்" என்றார் என் கணவர். ஹாரன் ஃபியூஸ் இன்வெர்ட்டரில் இருந்தது, கழற்றி மாட்ட நேரமில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பொண்ணு வர்து, ஓரம் போ மாமு" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். பின்னால் மணப்பெண் அழுததை மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சர்ச் வாசலில் இறங்கினோம். முன்பே வந்து காத்திருந்த அவள் அம்மா என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மகளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று எல்லோர் முன்னாலும் என் கணவரைக் காட்டி, "காப்பாத்தினது இவருதாங்க, நான் இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த மனுஷர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கை மீறிப்போகிற மாதிரி எது வந்தாலும் நான் பதறுவதில்லை. நிறுத்தக்கூடியதையெல்லாம் நிறுத்திவிட்டு, ஓடியே ஆகவேண்டிய ஒன்றுக்கு மட்டும் இருக்கிற சக்தியைக் கொடுக்கிறேன், இதுவரை அது போதாமல் போனதே இல்லை.