மாவா? இங்கே வாங்க!

தோசை மாவைப் பிடிக்க எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்த கதையைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எங்கள் வீட்டு கிரைண்டர் மேல் சத்தியமாக நடந்தது.

அந்த கிரைண்டர் மகளிர் குழு லோனில் வந்தது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து நடத்திய குழு. முதல் லோன் அம்மாவுக்கு. அம்மா ஒழுங்காகக் கட்டினால்தான் பேங்கில் அடுத்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் எல்லோர் வாயிலும் மண். அதனால் கிரைண்டர் ஓடியது எங்கள் வீட்டில் என்றாலும் அந்தச் சத்தத்துக்குத் தெருவே காது கொடுத்துக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு உளுந்து ஊறவைக்க நேரமேது? தூக்கும் டப்பாவுமாக வந்து மாவு வாங்கிப் போனார்கள். வியாபாரம் நன்றாகத்தான் போனது. சும்மா விட்டிருக்கலாம். அம்மாவின் தம்பி, என் மாமா, விடவில்லை. "போர்டு இல்லாத கட இன்னா கடக்கா?" என்று சிவப்புப் பெயின்டில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'மாவா? இங்கே வாங்க!'

பாவம், மாமாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம்கூடக் கிடையாது. கம்பெனி வாசல்களில் பொட்டலம் கட்டித் திருட்டுத்தனமாக விற்கிற, அரசாங்கம் தடை செய்த பாக்குப் புகையிலைக்கும் மாவா என்றுதான் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு சாயங்காலம் பைக்கில் வந்த ஒருவர் பலகையைப் படித்துவிட்டு இறங்கினார்.

"இன்னாம்மா, மாவா இருக்குதா?"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இருக்குது சார். எவ்ளோ வேணும்?"

"எங்கருந்து வருது?"

"எங்கருந்தும் வரல சார். ஊட்லயே நான்தான் அரைக்கிறேன்."

"யாருக்கெல்லாம் குடுக்கிற?"

"கம்பெனி ஆளுங்கதான் நெறய. பள்ளிக்கூடப் புள்ளைங்க வந்தாலும் குடுத்தனுப்புவேன்."

அவர் போனை எடுத்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. இறங்கிய போலீஸ்காரர் குண்டான் மூடியைத் திறந்து, விரலை விட்டு மோந்து பார்த்தார். "சார், தோச மாவு சார்!" பைக்கில் வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எல்லோரும் சிரித்தார்கள். "மொதல்ல அந்த போர்ட கயட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சிரித்தது எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது. ஜீப் வந்தது மட்டும் ஊரெல்லாம் பரவியது. ரயிலில் இறங்கியவர்கள் எங்கள் வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார்கள். மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. அம்மா அதைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு அழுதாள். கிரைண்டரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார் அப்பா. மாமா எங்கள் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்போதுதான் குழுத் தலைவி அத்தை தூக்கோடு வந்தார். மறுநாள் குழுவில் இருந்த மற்றவர்களும் வந்தார்கள். பிறகு தினமும் வந்தார்கள். ரயில் வருகிற நேரமாகப் பார்த்து வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசி வாங்கிப் போனார்கள். பழைய ஆட்களும் ஒருவர் இருவராக எட்டிப் பார்த்தார்கள். எங்கள் மாவு ருசி அப்படி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தையின் மகன் என் வகுப்புதான். ஒருநாள் மதியம் டிபன் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாரு, இன்னிக்கும் தோச! நாஷ்டாக்கு இட்லி, ராத்திரிக்கும் தோச. எங்க ஊட்ல கீற கிரைண்டர துணி போட்டு மூடி வெச்சிகினு, உங்க ஊட்லதான் எங்கம்மா வாங்குது. ஒரே பேஜாரு!"

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடினேன். "நம்ம மாவு இல்லாம அவங்க ஊட்ல யாருக்கும் சாப்பாடே எறங்கலியாம்மா" என்று அவன் சொன்னதையெல்லாம் பெருமையாக ஒப்பித்தேன். மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

அன்று சாயங்காலம் அத்தையின் தூக்கில் அளந்து ஊற்றிய பிறகு, அம்மா இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். "போதும்டி, போதும்டி" என்று அத்தை தூக்கைப் பின்னால் இழுத்தார். அம்மா விடாமல் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

நம் மாவு இல்லாமல் சாப்பாடே இறங்காதவர்கள் எப்படியும் வாங்கத்தானே போகிறார்கள், எதற்கு இத்தனை கூடுதல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை கன்னத்தைத் தட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.