உறுமி அடிக்கும்போது அவர் எங்கே போகிறார்

எனக்கு உறுமிச் சத்தம் பிடிக்கும். ஒரு முகத்தைக் குச்சியால் தட்டி, மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது, ஏதோ ஒரு பெரிய மிருகம் பக்கத்தில் வந்து மூச்சு விடுவதுபோல ஒரு முனகல் எழும். கை மயிரெல்லாம் நிற்கும். ஆனாலும் விட்டுப் போக மனம் வராது. நான் ஜெகதாப்பட்டினத்தில், ஐஸ் பிளான்ட்டுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவள். இரைச்சலுக்குப் பயந்தால் அங்கே தூங்கவே முடியாது.

கல்யாணமாகிப் பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த முதல் வருடம், அம்மன் கோயில் திருவிழாவுக்குப் புதுப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கணவரோடு போய் நின்றேன். உறுமிக்காரர்கள் வந்து தோளில் வாரை மாட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. பால்குடமெல்லாம் இறங்கி, மேளம் ஓய்ந்த பிறகுதான் வந்தார். "டீசல் வாங்கப் போயிருந்தேன்" என்றார். காப்புக் கட்டிய ஊரில் திருவிழா அன்று டீசல் என்ன அவசரம்? குடிக்கப் போயிருக்கிறார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

மறு வருடம் பின்னாலேயே போனேன். வரப்பில் விறுவிறுவென்று நடந்து, எங்கள் கடலைக் கொல்லையின் மோட்டார் ரூமுக்குள் நுழைந்து, மோட்டாரைப் போட்டார். அதற்கு முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம். எட்டிப் பார்த்தேன். உரச் சாக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்னங்க இது?"

திடுக்கிட்டு எழுந்தார். வாசலுக்கு வந்து, வரப்பில் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு, "அந்தச் சத்தம் ஆகாது எனக்கு. அடிவயித்துக்குள்ள வந்து உறுமுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துபாயில் கிரேன் ஓட்டியவர். தரையில் நிற்கிற ஆள் எறும்பு மாதிரி தெரிகிற உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவர். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தெருவே இவரைத்தான் கூப்பிடும். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கல. கேட்டாப் பயமா இருக்கு, அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை. அதன் பிறகு வருடா வருடம் அவருக்காகப் பொய் சொல்வது என் வேலையாயிற்று. டீசல் வாங்கப் போயிருக்கிறார், போன் வந்தது, வண்டி பஞ்சர், செட்டியார் கடையில் கூப்பிட்டார்கள்.

மகள் பிறந்து, நடந்து, பேசத் தொடங்கிய பிறகு ஒரு திருவிழாவில், உறுமி ஒரு இழுப்பு இழுத்ததும் என் இடுப்பிலிருந்தபடியே வீறிட்டாள். மூச்சு திரும்பவில்லை, உதடு நீலம் பாரித்தது. கொழுந்தன் முதுகைத் தட்டி, மூச்சு திரும்பி அவள் மறுபடி அழத் தொடங்கியதும், "என்ன மதினி, எங்கண்ணனுக்குப் பொறந்துட்டு இப்படிப் பயப்படுது!" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயலைப் பார்த்து ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு மகளை வாங்கிக்கொண்டார். மோட்டார் நின்றதும் கோயில் சத்தம் தெளிவாக வந்தது. குழந்தை அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அப்பா, அங்கிட்டு பேய் கத்துது."

"பேய் இல்ல ஆத்தா, மேளந்தான்."

"ஒனக்குப் பயமா இல்லயா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "இருக்கு ஆத்தா. அப்பாவுக்கு ரொம்பப் பயம். அதான் இங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

மகள் அழுகையை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் இரண்டு சின்னக் கைகளாலும் அவர் காதுகளை மூடினாள். அப்போதுதான் வாசலில் நிழல் தெரிந்தது. குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று பைக்கில் பின்னாலேயே வந்திருந்த கொழுந்தன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"அப்ப இத்தனை வருஷம் டீசல் வாங்குனது?"

"வாங்கல" என்றார் அவர்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் அவரைக் கண்டால் வாயாலேயே உறுமினார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். பொய் சொல்ல வேண்டிய பாரம் இறங்கியதில் முகமே தெளிந்திருந்தது.

அடுத்த திருவிழாவில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. மகளை அவரிடம் விட நான் மோட்டார் ரூமுக்குப் போயிருந்தபோது, கொழுந்தன் மனைவி கைக்குழந்தையோடு அங்கே வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஆகாதுக்கா. சொன்னா சிரிப்பாகன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில், மீசை முறுக்கிய, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வரப்பில் வந்தார். "தம்பி, வெயிலா இருக்கு, செத்த நேரம் உக்காந்துக்கறேன்" என்றார். வெயிலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கு வாளியில் பானகம் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினேன்.

இந்த வருடம் மகள் தானாகவே என்னோடு கோயிலுக்கு வந்தாள். உறுமி தொடங்கியதும் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு, என் சேலையைப் பிடித்தபடி பாதி நேரம் நின்றாள். பிறகு, "அம்மா, எனக்குப் போதும். நான் அப்பாகிட்ட போறேன்" என்றாள்.

"பாத்துப் போ, வரப்பு வழுக்கும்" என்று அனுப்பிவைத்தேன். நான் மட்டும் கடைசி அடி ஓய்கிறவரை நின்று கேட்டேன்.