நீல மூடிக் குழாய்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி, தக்காளி மண்டி, கிரானைட் பட்டறை என்று எந்த இடத்திலும் ஒரு வருடம் தங்கினால் அதிகம். ஓசூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி எடுத்துவரும் வேலையும் அப்படிக் கிடைத்ததுதான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரிகளில் ரத்தக் குழாய்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, பைக்கில் கொண்டுவர வேண்டும்.

நீல மூடிக் குழாய், ரத்தம் உறையும் நேரம் பார்ப்பதற்கு. அதில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் இல்லாவிட்டால் கூடத்தில் வாங்க மாட்டார்கள். திரும்பிப் போய் எடுத்துவர வேண்டும்.

ஒருநாள் மத்திகிரியில் டீக்கு நிறுத்தியபோது பார்த்தேன். ஓர் அக்காவின் நீலக் குழாய் அரை விரல் குறைவு. கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக உதிரப்போக்கு, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் குத்தியிருந்தார். வேறு பரிசோதனைக்காக எடுத்த அவருடைய ஊதா மூடிக் குழாய் நிறைய இருந்தது. ஒரே ஆளின் ரத்தம்தானே. இரண்டு மூடியையும் திறந்து, ஊதாவிலிருந்து நீலத்தில் கோடு வரை ஊற்றினேன். அந்த அக்காவுக்கு இன்னொரு குத்து மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரத்தம் உறைய ரொம்ப நேரம் ஆவதாக அதில் இருந்தது. டாக்டர் படித்துவிட்டு அந்த அக்காவைக் கூப்பிட்டார்.

“பல்லு வெளக்கும்போது ரத்தம் வருதா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும்?”

“இல்லீங்க.”

“மஞ்சக்காமாலை? வீட்ல யாருக்காச்சும் காயம் பட்டா ரத்தம் நிக்காதா?”

“அப்பிடி யாருக்கும் இல்லீங்க.”

“உதிரம் இப்பிடிப் போறதுக்கு இதான் காரணமோ என்னமோ. பெங்களூர்ல காட்டுங்க. வெள்ளிக்கிழமை நான் கத்தி வைக்க மாட்டேன்.”

ஏற்கெனவே ரத்தம் போகிற உடம்பு. அதனால் தாளை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அக்காவும் நம்பினார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்: “தம்பி, எம்பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இதே ரத்தம்தானே?”

கூடத்துக்கு வந்து, அங்கே பரிசோதனை செய்யும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“ஒரே ரத்தம்தானேங்க்கா?”

“உன் வண்டில பெட்ரோல் கம்மியானா டீசல் ஊத்துவியா? ரத்தம் ஒண்ணுதான்டா, குழாய்ல இருக்கற மருந்து வேற. ரெண்டுமே ரத்தத்துல இருக்கற கால்சியத்தப் புடிச்சு வெச்சு உறைய விடாது. நீலத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு கால்சியத்த திருப்பிப் போட்டு, எத்தன செகண்டுல உறையுதுன்னு பாக்கறோம். ஊதாவும் கலந்தா அது பத்தாது.”

“அப்ப குறைவாவே குடுத்திருந்தா?”

“அதுவும் தப்பாத்தான் வரும். ரத்தம் கம்மி, மருந்து தூக்கலா நிக்கும். கோடு எதுக்குப் போட்டிருக்கான்?”

டாக்டருக்கு அவரே போன் செய்தார். எனக்கு அதோடு வேலை போயிற்று. மறுநாள் சொந்தமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு தேன்கனிக்கோட்டை போனேன்.

“உங்க ரத்தத்துல தப்பு இல்லீங்க்கா. நான் பண்ண தப்பு.”

அவர் திட்டவில்லை. மூன்றாவது குத்துக்குக் கையை நீட்டினார். “கோடு வரைக்கும் வந்துதா பாத்துச் சொல்லு,” என்றார். குனிந்து பார்த்துச் சொன்னேன்.

இந்த முறை உறையும் நேரம் சரியாக வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது.