ஆறு அங்குலக் குழல்

கடல் கடந்து வந்து குடியேறிய வோபர்ன் பகுதியில் இருந்த அந்த வரிசை வீட்டில் களவு நடந்தது 1993 ஆவணியில், ஒரு கலியாண நாளில். இராஜேஸ்வரியும் மகள் நிலாணியும் மண்டபத்திலிருந்து திரும்பியபோது முன்கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே அலுமாரி மட்டும் திறந்து கிடந்தது. நகை போனதை இராஜேஸ்வரி இரண்டொரு கிழமையில் தாங்கிக்கொண்டாள். கட்டில் விரிப்பின் மேல் பதிந்திருந்த சப்பாத்து அடையாளத்தைத்தான் தாங்க முடியவில்லை. அதன் பிறகு நிலாணி மாலை வேலைக்குப் போகும் நாட்களில், எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருப்பாள். படுக்க மாட்டாள்.

தன் வீட்டில் தனியாகக் கண்ணை மூட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஒரு ரிவோல்வர் வாங்குவது என்று முடிவெடுத்தாள்.

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கணவர் போன பிறகு மகளை வளர்த்ததும் வீடு வாங்கியதும் அந்தத் தையல் இயந்திரத்தை நம்பித்தான். ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்தால் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவாள். கார் ஓட்டும் பரீட்சையில் பலமுறை தவறியதும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது; தேறிய அன்றுதான் சொன்னாள். இதை வீரம் என்று சொல்வது மிகை. சிலருக்குத் தயங்கி நிற்பதைவிட நடப்பது சுலபம், அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் பொதி ஏற்றும் பிரிவில் இருந்த சீமோன், கிழமை தோறும் ஒரு துப்பாக்கிச் சுடுகழகத்துக்குப் போகிறவர். அவரிடம் கேட்டாள். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனாள், கழகத்தில் சேர்ந்தாள். பிறகு வந்தது குழலின் நீளம் என்ற கேள்வி.

"எனக்கு நாலு அங்குலம் காணும், அது போதும். படிக்கட்டு ஒடுக்கம். நீட்டுக் குழலோட திரும்பேலாது."

"படிக்கட்டிலயோ சுடப் போறியள்?" என்றார் சீமோன். "வீட்டுக் காவலுக்கு எண்டு சொன்னால் பொலிஸ் பதிஞ்சு தராது. ரேஞ்சில குறி பார்த்துச் சுடத்தான் தருவினம். ரேஞ்சுக்கு ஆறு அங்குலம்."

"பேப்பரில ரேஞ்ச் எண்டு இருக்கட்டும். சாமான் வீட்டிலதானே இருக்கும்?"

"இருக்கும். பெட்டிக்குள்ள, பூட்டி, குண்டு இல்லாமல். குண்டு வேற இடத்தில. கள்ளன் வந்தால் கொஞ்சம் இருங்கோ தம்பி எண்டு சொல்லிப்போட்டுத் திறப்புத் தேடுவியளோ?"

அவள் சிரிக்கவில்லை.

கழகத்து ரிவோல்வர்கள் இரண்டையும் சுட்டுப் பார்த்தாள். நாலு அங்குலம் கையில் துள்ளியது. துளைகள் தாளெங்கும் சிதறின. ஆறு அங்குலம் முன்பக்கம் கனத்தது, அந்தக் கனமே துள்ளலை அடக்கியது. குழல் நீண்டால், குறி பார்க்க வைத்த முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடும். கையின் சிறு நடுக்கமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீண்ட குழல் கையைத் திருத்துவதில்லை. பிழையை மறைக்காமல் காட்டுகிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும், "வீட்டுக்கு நாலுதான்" என்றாள்.

"அப்ப வாங்கிறதுக்கு முந்தி வீட்டில ஒருக்காச் செய்து பாருங்கோ. றொட்டி உருட்டிற கட்டையைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. மகளைச் சொல்லாமல் கொள்ளாமல் வரச் சொல்லுங்கோ."

அவள் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள்; திடீரென்று வரும்படி நிலாணியிடமும் சொல்லிவைத்தாள். பெட்டியின் திறப்புச் சாவியைச் சாமித்தட்டில் விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்தாள். குண்டுகளுக்குப் பதிலாகக் கொஞ்சம் கடலையைச் சமையலறை இழுப்பறை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். வேலை முடிந்து வந்ததும் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிப் பழகினாள். முதலில் திறப்பு கைநழுவியது. பிறகு நழுவவில்லை.

கார்த்திகையில் ஒரு மாலை, வெளியே இருட்டிவிட்டது; பழகுவதற்காக உள்ளேயும் விளக்குப் போடவில்லை. கீழே கதவு திறக்கும் சத்தம். சாமித்தட்டு, பெட்டி, லாச்சி. கீழ்ப்படியில் காலடி விழுவதற்குள் கட்டையை நீட்டிக்கொண்டு படிக்கட்டின் உச்சியில் நின்றாள். கீழே நின்ற உருவத்தின் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள்.

"என்னடி, றொட்டிக் கட்டையோட நிக்கிறாய்? லைற்றைப் போடு. பலாப்பழம் பாரமாக் கிடக்கு."

அண்ணன் மகேஸ்வரன்.

"எப்பிடி உள்ள வந்தனீங்கள்?"

"எப்பவும் வாற மாதிரித்தான். வாசல் செருப்புத் தட்டுக்குக் கீழ இருக்கிற திறப்பால."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் திறப்பு அண்ணனுக்குத் தெரியும். அவர் மனைவி மச்சாளுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, கறி கொண்டுவந்து வைக்கும் பக்கத்து வீட்டாருக்கு, அவர்களோடு வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். மணி அடித்துவிட்டு வருவது பிறத்தியார் பழக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். களவு நடந்த அன்று பொலிஸ்காரர் கேட்டபோதுகூட, திறப்பு வெளியில் ஒருவரிடமும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்; மனமறிந்து சொன்ன பொய் அல்ல. உறவுக்காரரை வெளி ஆட்களாக அவள் எண்ணியதே இல்லை.

அடுத்த நாள் புதுப் பூட்டுப் போட்டாள். செருப்புத் தட்டுக்குக் கீழே ஒன்றும் வைக்கவில்லை. துப்பாக்கி வாங்குவதைவிட இது கடினமாக இருந்தது. மச்சாள் தொலைபேசியை எடுக்கவில்லை. மகேஸ்வரன் நேரிலேயே கேட்டார்.

"என்னையும் கள்ளன் எண்டு நினைச்சிட்டாய், என்ன?"

"இல்லை அண்ணை. இருட்டில நீங்களும் கள்ளனும் ஒரே உயரம்."

அவர் எழுந்து போனார். அவள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை, திறப்பும் கொடுக்கவில்லை.

தை மாதம் ரிவோல்வர் வாங்கினாள். ஆறு அங்குலம்.

"படிக்கட்டு?" என்று கேட்டார் சீமோன்.

"படிக்கட்டுக்குப் பூட்டுக் காணும். உது எனக்கு."

அதற்குள் அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கியிருந்தாள். முதல் நாட்களில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலுக்கும் விழிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ரிவோல்வர் பெட்டிக்குள் பூட்டியபடி கிடந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் கழகத்துக்காக வெளியே போனது.

மாசிப் பனியில் ஒரு நாள் வாசல் மணி அடித்தது. அந்த வீட்டில் அபூர்வமான சத்தம். இராஜேஸ்வரி யன்னலால் பார்த்தாள். மகேஸ்வரன் தொப்பியில் பனியோடு நின்றார்.

"ஆர்?" என்றாள்.

"நான்தான்."

"நான் எண்டால் ஆர்?"

"உன்ர கொண்ணன்! குளிருக்க விறைச்சுச் சாகப் போறன், திறவடி!"

அவள் திறந்தாள்.