சாவி போட்டு நிறுத்திய மிஷின்

இரண்டாயிரங்களின் தொடக்கம். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வீடியோ கேம் கடையில் ஒரு சீட்டாட்ட மிஷின் இருந்தது. திரையில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். நானும் என் நண்பனும் அதில்தான் கிடப்போம். அவன் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் நாலு வருஷமாக கான்ட்ராக்டில் லேத் ஓட்டினான். நான் எட்டாவதோடு நின்றவன். முட்டுக்காட்டில் படகு கழுவினேன். அதற்கு முன் ஒரு சீசன் கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன்.

அந்த ஒரு சீசனை வைத்துத்தான், கோவா கேசினோவுக்குப் போக நான் திட்டம் போட்டேன். சனி, ஞாயிறு கூட்டமாக இருக்கும், அதனால் வார நாளில் போவது. சாப்பாடு வெளியே. ஒரு நாள் பணம் ஒரு கவரில், அது தீர்ந்தால் எழுந்துவிடுவது. ஃபுல் ஹவுஸ் சேர்ந்தால் போட்ட காசுக்கு ஒன்பது மடங்கு, ஃபிளஷ் சேர்ந்தால் ஆறு மடங்கு என்று கண்ணாடியில் எழுதியிருக்கும் மிஷினில் மட்டும் உட்காருவது; மற்றவை அதைவிடக் குறைவாகத் தரும். செருப்புக் காலோடு உள்ளே விடமாட்டார்கள் என்றேன். அவன் கம்பெனி சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தான்.

புறப்படும்போது அவன் ஒன்றுதான் சொன்னான். திங்கள் காலை கம்பெனியில் நேர்காணல். தேறினால் வேலை நிரந்தரம். அதற்காகவே சனிக்கிழமை மதிய ரயிலில் திரும்ப டிக்கெட் எடுத்தேன். அதை விட்டால் திங்களுக்குள் ஊர் சேர முடியாது.

சனிக்கிழமை காலை, கடைசியாக ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தோம். அவனுக்குக் காசு விழ ஆரம்பித்தது. ரயிலுக்கு முக்கால் மணி இருக்கும்போது கூப்பிட்டேன்.

"இப்பதான் மச்சான் மிஷின் சூடாவுது. இன்னும் ரெண்டு ஆட்டம்."

"திங்கக்கிழமை இன்னாடா பண்ணுவ?"

"பேஜாரு பண்ணாத. நீ வேணா போ."

மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சீருடைக்காரர் ஒருவர் பின்னால் நின்றிருந்தார். "எந்த ஊரு அண்ணாத்த? எனக்கு திண்டிவனம் பக்கம். இன்னா பிரச்சன?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ரயில், நேர்காணல் இரண்டையும் சொன்னேன்.

அவர் அவனுடைய அந்த ஆட்டம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு இடுப்புச் சாவியைப் போட்டு மிஷினைத் திறந்தார், அவன் பாக்கிக் காசை வாளியில் எடுத்துக் கொடுத்தார், திரையை அணைத்து 'பழுது' அட்டையைத் தொங்கவிட்டார்.

"ரிப்பேரு சார். இன்னிக்கு ஓடாது."

நண்பன் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் தலை குனிந்து நின்றார். வாசலில் நான் திரும்பிப் பார்த்தபோது அட்டை இல்லை. வேறொருவர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்.

ரயிலைப் பிடித்தோம். நண்பனுக்கு வேலை நிரந்தரமானது. அவன் இன்றும் அந்த மிஷினைத்தான் திட்டுகிறான். நான் அவனிடம் உண்மையைச் சொன்னதில்லை, ஏனென்றால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முன்பின் தெரியாத ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்து அவனை எழுப்பியபோது, அவனைக் கூட்டிப்போன நான் பக்கத்து மிஷினில் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் ஆடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.